ஒலிபெருக்கி இல்லாத சனிக்கிழமைகள்

ஜெபல் அலியில் என் அறையில் நல்ல ஹெட்போன் இருக்கிறது. காதை முழுதாக மூடிக்கொள்ளும். ஏசி ஓடும் சத்தம்கூட உள்ளே வராது. நடுராத்திரியில் உலகத்தின் எந்தக் கிட்டார் கலைஞரை வேண்டுமானாலும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாம். வாசிக்கிறார்கள். ஒரு பிசிறு இல்லை. கேட்டு முடித்த பிறகும் பசி ஏன் அப்படியே கிடக்கிறது என்று ஊரைவிட்டு வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

எனக்கு வேண்டியது அந்தச் சனிக்கிழமை மாலை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த பில்லட் ரோலருக்குள் நுழைந்து, கம்பியாக நீண்டு, அந்தப் பக்கம் பாய்ந்து வரும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் கைஜாடைதான். வாரம் முழுக்க அங்கேயே ஒரு அறையில் தங்கல். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்தால் ஊர். திருவாலங்காடும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனாலும் ரயிலில் போவதென்றால் தெற்கே சென்னைக்கு வந்து, அங்கிருந்து மேற்கே அரக்கோணம் வண்டி பிடிக்க வேண்டும். அந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த பொழுதில்தான் நான் கிட்டார் கேட்டேன்.

கூட்டிப்போனவர் பெரம்பூர்க்காரர், எங்கள் மில் எலெக்ட்ரீஷியன். எல்லோருக்கும் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியர் வீட்டுத் திண்ணைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். அது ஏன் இறங்கியது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

சென்ட்ரலில் இறங்கி நடந்தே எழும்பூர் போவோம். பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிற மியூசியம் தியேட்டர். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும் இருக்கைகள். எங்கே உட்கார்ந்தாலும் வாசிப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஊர் ஊராக வாசித்துக்கொண்டு வரும் கலைஞர் யாராவது அன்றைக்கு வந்திருப்பார். மேடையில் ஒரு நாற்காலி, இடது காலை வைக்க ஒரு சின்ன முக்காலி. மைக் கிடையாது. அண்ணன் அதைத்தான் முதலில் பார்ப்பார். மைக் இல்லையென்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிடும்.

செகோவியாவைப் பற்றி அவர்தான் சொன்னார். அந்த ஸ்பெயின் நாட்டுக்காரர் ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்குகளிலும் ஒலிபெருக்கி வைக்கச் சம்மதித்ததில்லையாம். கூட்டம் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டாரிடம் வர வேண்டும், கிட்டார் கூட்டத்திடம் கத்திக்கொண்டு போகக் கூடாது. இது அண்ணன் சொன்ன விளக்கம். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற கதையையும் அவர்தான் சொன்னார், தான் அந்த அறையின் வாசலில் நின்று கேட்டதுபோல.

மின்விசிறிகளை நிறுத்துவார்கள். அந்த நிசப்தம் எனக்கு வேண்டும். வாரம் முழுக்க மில் இரைச்சல் நிரம்பிக் கிடந்த காதுக்குள் நிசப்தம் இறங்குவது, காய்ந்த ஏரியில் முதல் தண்ணீர் வருவதுபோல இருக்கும். பிறகு சுருதி சேர்க்கும் சத்தம். ஒரு நரம்பு கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, தன் இடத்தில் போய் நிற்கும். பலருக்கு அது கச்சேரியில் சேர்த்தியில்லை. எனக்கு அதுவும் கச்சேரிதான்.

தார்ரேகாவின் ‘அல்ஹாம்ப்ரா நினைவுகள்’ அநேகமாக யாராவது வாசிப்பார்கள். கட்டைவிரல் கீழே தனியாக நடந்துகொண்டிருக்கும். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே நரம்பை மாறி மாறித் தட்டும். கண்ணை மூடினால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள். திறந்தால் ஒருவர்தான். நைலான் நரம்பின் ஓசைக்கு ஆயுள் குறைவு, தொட்டதுமே சாகத் தொடங்கும். அது செத்துவிடாமல் அந்த மூன்று விரலும் ஓயாமல் உயிர் கொடுத்துக்கொண்டே இருக்க, பின்வரிசைவரை ஒருவரும் அசையாமல்… அந்த நேரத்தில் அண்ணன் என் காதருகே குனிந்து சொல்வார்: “தம்பி, இடது கையைக் கேளு.”

பாஸ் நரம்புகளில் கை இடம் மாறும்போது விரல் உரசி ஒரு சின்னக் கீச்சொலி எழும். இசைக்கு அது வேண்டாத சத்தம். ஒலிப்பதிவில் பெரும்பாலும் அதைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஆனால் மேடையில் ஒரு மனிதன் உட்கார்ந்து உழைக்கிறான் என்று சொன்னது அதுதான். அந்தக் கீச்சொலி வேண்டும். “தம்பி” என்ற குரலும்.

முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக சென்ட்ரலுக்கு வந்து அரக்கோணம் கடைசி வண்டி. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போனது இந்தப் பாதையில்தான். அண்ணன் பெரம்பூரில் இறங்கிவிடுவார். திருவள்ளூரில் பெட்டி பாதி காலியாகும். கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர். கதவோரம் நின்றால் காற்று. அரவைக் காலமென்றால் எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை ஸ்டேஷனிலேயே வந்து ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் ஊரைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த மண். அம்மையார் தன் பதிகத்தில் பழைய ஏழு சுரங்களின் பேரையும் சொல்லி, வீணை, மத்தளம், குடமுழா என்று வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போவார், அதுவும் சுடுகாட்டில் ஆடுகிறவனுக்காக என்றேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “திருவாதிரைக்கு உங்க ஊருக்கு வர்றேன். கிட்டாரையும் எடுத்துட்டு வர்றேன், குளத்தங்கரையில உக்காரலாம்” என்றார். அடுத்த மார்கழி, அதற்கடுத்த மார்கழி என்று தள்ளிப் போனது. எனக்கு விசா வந்தது, இங்கே கிளம்பி வந்துவிட்டேன். அவர் போய்விட்ட செய்தியை மில் நண்பர் ஒருவர் போனில் சொன்னார். அப்போது எனக்கு இரவு ஷிப்ட்.

இங்கேயும் கச்சேரி உண்டு. மெத்தை இருக்கை, இதமான குளிர், வாசல்வரை கார். போன குளிர்காலத்தில் ஒரு பெரிய அரங்கில் கிட்டார் கேட்கப் போனேன். மேடையில் கலைஞர், ஓசையோ என் தலைக்கு மேலிருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது. நன்றாகத்தான் வாசித்தார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நானும் அண்ணனும் சேர்ந்து கேட்ட கடைசிக் கச்சேரியில், கைதட்டல் ஓயாததால் அந்தக் கலைஞர் மறுபடி உட்கார்ந்து சின்னதாக ஒன்று வாசித்தார். மெல்லிய மெட்டு, நடுவில் ஒரு தயக்கம், பிறகு அந்தத் தயக்கத்திலிருந்தே மேலே ஏறும். பெயரை அவர் மேடையில் சொல்லவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது; அடுத்த வாரம் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தார்ரேகா, சோர், வில்லா லோபோஸ் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கேட்டாயிற்று. எதுவும் அது இல்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.