தோழர் பாட்டு

ஒருவர் விரும்பும் பாட்டில் அவருடைய வீடும் ஊரும் ஒலிக்கின்றன. ஆகவே, தோழர் விரும்பும் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்பது அவரை அறிந்துகொள்வதற்கு நல்ல வழியாகும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி தந்த இரு பெரும் இசைக்கலைஞர்களின் வாழ்க்கை இதற்குச் சான்று.

மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார்; நீலகண்ட பாகவதரிடம் கருநாடக இசை பயின்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வயலின் கலைஞர் டி.கே. இராமமூர்த்தியுடன் இணைந்து, 1965 வரை திரைப்படங்களுக்கு இசையமைத்தார். அவர்களுடைய பாடல்களில் நம் இராகங்களும் மேலைநாட்டு இசைக்கருவிகளும் இயல்பாகக் கலந்தன.

இடுக்கி மலைக்குக் கிழக்கே, பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன், 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தோட்டத் தொழிலாளரிடையே பாடிப் புகழ்பெற்றவர். அண்ணனின் குழுவில் ஊர் ஊராகச் சென்ற இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைக் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வழியாகக் கிராமத்து இசையைத் திரைக்குக் கொணர்ந்தார். 1986இல் வெளியிட்ட இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். விசுவநாதனின் பாடல்களைக் கேட்டு வளர்ந்ததாகக் கூறும் அவர், அதே ஆண்டில் 'மெல்லத் திறந்தது கதவு' படத்திற்கு அவருடன் சேர்ந்து இசையமைத்தார். எந்த இசையையும் தாழ்வென ஒதுக்காத செவி இருவருக்கும் வாய்த்திருந்தது.

ஒரு வகுப்பில் ஒருவன் திரைப்பாடலைப் பாடுகிறான். இன்னொருவன் மாப்பிளப்பாட்டைப் பாடுகிறான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பாட்டியிடம் தாலாட்டுக் கற்ற சிறுமியோ, பிறர் நகைப்பாரோ என்று தயங்கி நிற்கிறாள். அங்கே ஏளனச் சிரிப்பு எழுந்தால், அந்தத் தாலாட்டு மீண்டும் அவள் வாயில் வாராது. ஏட்டில் எழுதப்படாத அப்பாட்டு, பாட்டியோடு மறைந்துபோகும். மாறாக, "இன்னொரு முறை பாடு" என்று தோழி ஒருத்தி கேட்டால் போதும். இருவர் நெஞ்சில் அது நிலைபெறும்.

பயிற்சி

1. இளையராஜா கற்ற இசை வகைகள் யாவை?
2. தாலாட்டுப் பாடத் தெரிந்த சிறுமி தயங்கியது ஏன்?
3. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி, வகுப்பில் பாடிக்காட்டுக.