அறுத்த வயலில் இரண்டாவது வருமானம்

அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது லூசியானா மாநிலம். மகன் குடும்பத்தோடு அங்கே பிரோ பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குச் சாப்பிடப் போனோம். 1959-ல் மாநில சட்டமன்றமே ‘உலக கிராஃபிஷ் தலைநகர்’ என்று பட்டம் கொடுத்த ஊர் அது. கிராஃபிஷ் என்பது நன்னீரில் வளரும் சின்ன சிங்கி இறால்.

சாப்பாடும் பீரும் ஒரே கடையில். மேஜையில் தாளை விரித்து, காரம் போட்டு வேகவைத்த கிராஃபிஷை மக்காச்சோளம், உருளைக்கிழங்கோடு கொட்டினார்கள். தலையைத் திருகி, வால் சதையைத் தின்ன வேண்டும். நம் நாக்குக்கு ஏற்ற காரம்.

‘எந்த ஆற்றில் பிடித்தது?’ என்று விசாரித்தால், ‘நெல் வயலில்’ என்றார் பரிமாறியவர். ஜூன் வாக்கில் பயிருக்குள் தாய் கிராஃபிஷை விடுகிறார்கள். தண்ணீரை வடித்ததும் மண்ணில் வளை தோண்டிப் பதுங்கிவிடும். அறுவடை முடிந்து அக்டோபரில் தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வரும். நெல் தாளும் மறுதாம்பும் மட்கி அதற்குத் தீவனமாகிறது. கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் முதலில் சாவது இதுதான்.

எனக்கும் ஆசை வந்தது. ஆனால், இதைக் கொண்டுபோய் விட்ட ஸ்பெயின், போர்ச்சுகலில் அது வரப்பைத் துளைத்து, நாற்றைத் தின்று தொல்லையாகிவிட்டது. அதனால், அந்தப் பிராணி நமக்கு வேண்டாம். அறுத்த வயலில் தண்ணீர் நிற்கும் நாளில் நம்ம ஊர் மீனை விட முடியுமா என்று மீன்வளத்துறையில் கேட்கப்போகிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.