கிளிப்பில பூத்த ஓலை

நல்லூர்த் திருவிழாக் கடையில மகள் வாங்கின வெறும் கறுப்புக் கிளிப்.
இண்டைக்கு அதில ஒரு பூ.

அம்மா பனஞ்சார்வோலையை ஈர்க்கு நீக்கி, மெல்லிசா வார்ந்து, சாயத்தில அவிச்சு, நிழலில காயவிட்டுத் தந்தா.
மகள் அதை ஈரத்துணியில சுத்தி வைச்சிட்டு மடிச்சவள்.
காய்ஞ்ச ஓலை வெடிக்கும். ஈரம் பிடிச்சால்தான் வளையும்.

நடுவில ஒரு வெள்ளை முத்து.
பின்னால துணித்துண்டு. கொஞ்சம் பசை.
அவ்வளவுதான்!

90களில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை.
கடையில சவுக்காரமே கிடைக்காத காலம்.
அப்பவும் பனை எங்கட வளவிலதான் நிண்டது. பெட்டி, பாய், நீத்துப்பெட்டி எல்லாம் தந்தது.

அம்மாவின்ர அந்தக் கைவேலை பேத்தியின்ர தலையில ஏறினதில எனக்குச் சரியான சந்தோசம்.

உங்கட பிள்ளையளுக்கு ஓலை பின்ன ஆர் காட்டிக் குடுக்கினம்?