ஒரு கையில் இரண்டு மை

அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் டவாலி ஒரு பேரை மூன்று தடவை கூப்பிடுவார். முதல் இரண்டும் சாதாரணமாக வரும். மூன்றாவது, கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தைத் தாண்டிப் போய், ரோட்டில் போகிற வண்டிக்காரரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அதற்கும் ஆள் வரவில்லையென்றால் கேஸ் போயிற்று. தாத்தா அங்கே வக்கீல் குமாஸ்தா. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே கோர்ட்டு வராந்தாவுக்குத்தான் போவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுகளுக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவைச் சிக்கெடுத்துக் கொடுப்பது என் வேலை.

1977 ஜூன் மாதம். எனக்கு ஒன்பது வயது. டவாலி ஒரு பேரை மூன்றாவது தடவையாக இழுத்துக்கொண்டிருந்தபோது தாத்தா செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் ஒரு ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். பத்திரத்தில் அவளுக்கு ஒரு பேர். ஊரில் எல்லாரும் கூப்பிடுவது வேறு பேர். பத்திரத்துப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதே கிடையாது.

"தாயி, ஒன்னயத்தான் கூப்பிடுதாவ. எந்திரி" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, வராந்தாவிலிருந்தே உள்ளே பார்த்து "ஆஜர்!" என்று சத்தம் கொடுத்தார்.

நதியுண்ணி வாய்க்கால் மடைத் தகராறு அது. எட்டு மரக்கால் விதைப்பாடுதான் அவளுக்கு. மேல் வயல்காரர் மடையை அடைத்துவிட்டால் அவள் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. அவளுடைய வக்கீல் காலமாகிவிட்டதால் வாய்தா வாங்கிக்கொண்டு, புது வக்காலத்து போட வேண்டியிருந்தது. தாத்தா ஊதா மைப்பெட்டியைத் திறந்து, அவளுடைய இடது கைப் பெருவிரலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பதனமாக உருட்டி ரேகை எடுத்தார். பக்கத்து விரலில், நகக்கண்ணோடு சேர்ந்து, அந்த மாதம் சட்டசபைத் தேர்தலில் வைத்த மை கறுத்துக் கிடந்தது.

"என்ன தாத்தா, ஒரு கையில ரெண்டு மை?"

"இது வக்கீலய்யாவுக்கு. அது எம்.எல்.ஏ.வுக்கு. ரெண்டும் ஒண்ணுதாம்ல. எனக்காவ நீ எந்திரிச்சி நின்னு பேசுன்னு, தன் வாயை இன்னொருத்தன்கிட்ட எழுதிக் குடுக்கது."

வக்கீலாக இருந்து பாராளுமன்றத்துக்குப் போன யாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் எனக்கு அந்தக் கைதான் முன்னால் வரும்.

தைப்பூசத்துக்குத் தாத்தா என்னைத் திருப்புடைமருதூருக்குக் கூட்டிப் போவார். நாறும்பூநாதர் கோயில், கோபுரத்துக்குள் ஏறினால் நிலைக்கு நிலை மரச்சிற்பமும் சுவர் ஓவியமும், படித்துறையில் தாமிரபரணி, மருத மரங்களில் கிளை தெரியாமல் நாரைகள். நான் குஞ்சுகளின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்பேன். தாத்தாவுக்கு அந்த ஊரின் பெருமை வேறு.

"பாண்டியன் வக்கீலுக்கு ஊரு இதுதாம்ல."

எஸ்.இரத்தினவேல் பாண்டியன் அதற்குள், 1974இலேயே, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகியிருந்தார். தாத்தாவுக்கு அவர் கடைசிவரை வக்கீல்தான். அப்பீல் கட்டுகளைச் சுமந்துகொண்டு பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போகும் நாட்களில், சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொல்வார். அந்தப் பேச்சு வந்தால் கூடவே அவருடைய ஜூனியர் பேச்சும் வரும்: கலிங்கப்பட்டிக்காரர், வை.கோபால்சாமி. பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம், அப்புறம் சட்டக்கல்லூரி. பிற்பாடு வைகோ என்று நாடு அறிந்தவர். தாத்தா அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கோர்ட்டு வளாகத்தில் பார்த்ததோடு சரி.

ஜூனியர் என்றால் என்ன என்பதைத் தாத்தா சொல்லிக் கேட்க வேண்டும். சீனியர் வீட்டில் ராத்திரி கட்டைப் பிரித்து, எந்தச் சாட்சி எந்தப் பக்கத்தில் என்ன சொன்னான் என்று ஓலைத்துண்டு மாதிரிக் காகிதம் கிழித்து அடையாளம் வைக்க வேண்டும். காலையில் அந்தக் காகிதம் இல்லாமலே சொல்லத் தெரிய வேண்டும். சீனியர் வேறு கோர்ட்டில் நின்றால், எழுந்து வாய்தா கேட்க வேண்டும். நீதிபதி சள்ளென்று விழுந்தாலும் உட்கார்ந்துவிடக் கூடாது. "வருசக்கணக்கா நின்ன காலு அது. டெல்லியில போயி ஒரு நாள்ல வந்துராதுல்லா" என்பார்.

டெல்லி என்று அவர் சொன்னது 1978க்குப் பிறகு. நெருக்கடி நிலையில் மிசா சிறைக்குப் போய் வந்த அந்த ஜூனியர், முப்பத்து நாலு வயதுகூட முடியாமல் மாநிலங்களவைக்குப் போனார். பத்திரிகையில் பார்த்த அன்று வராந்தாவில் குமாஸ்தாக்கள் காபி வாங்கிக் குடித்தார்கள். கட்சி பார்த்து அல்ல. அவர்களில் காங்கிரஸ்காரர் உண்டு, கம்யூனிஸ்டு உண்டு. நம் கோர்ட்டுப் படியேறின ஆள் என்பதுதான். அந்தச் சபைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்று தாத்தா விளக்கியபோது, அந்த ஆச்சியின் விரல் மை அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறதா என்று எனக்கு ஒரே வியப்பு.

இலங்கையில் தமிழர்மீது வன்முறை வெடித்த 1983 ஜூலை வந்தது. எங்கள் வீட்டில் திருநெல்வேலி நிலையத்தைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்காகத் திருகுகிற பெட்டி அந்த மாதம் பாரமாகிவிட்டது. அக்கரையில் கடை வைத்திருந்த குடும்பம் ஒன்று உடுத்த துணியோடு எங்கள் தெருவுக்குத் திரும்பியது. அந்த வீட்டு அத்தை பல நாள் யாரிடமும் பேசவில்லை. மாநிலங்களவையில் ஈழத்தமிழருக்காக கோபால்சாமி திரும்பத் திரும்ப எழுந்து நின்ற செய்திகளை நான் பத்திரிகையிலிருந்து தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் மகிழ்வார் என்றுதான் நினைத்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தச் சனம் இவுகளுக்கு ஓட்டுப் போடலியே. வக்காலத்துல கையெழுத்து எங்க?" என்றார். குமாஸ்தா கேட்கிற கேள்வி. முப்பது வருடம் கையெழுத்தைச் சரிபார்த்தே பிழைத்தவர். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து, ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில், நான் கேட்காமலே சொன்னார்: "டவாலி கூப்பிட்டு வராதவன்லாம் வர மனசில்லாதவன்னு சொல்ல முடியாதுலே. தன் பேருதான்னு வெளங்காம மரத்தடியில இருக்கவனும் உண்டு. அவனுக்கு யாராவது ஓடித்தான் ஆவணும்."

1989 பிப்ரவரியில் கோபால்சாமி கட்சித் தலைமைக்குச் சொல்லாமல் கள்ளத்தோணியில் கடல் தாண்டி இலங்கையின் வன்னிக்குப் போனார். எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சட்டம் படித்தவர், சட்டம் இயற்றுகிற சபையில் இருப்பவர், அப்படிப் போனது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஈழத்தமிழருக்காகப் போனார் என்ற காரணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த உறுத்தலை அது போக்கவில்லை.

தாத்தா அதற்கு அடுத்த வருடம் காலமானார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. 1994 மார்ச்சில் தடா சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. கர்தார் சிங் வழக்கு. அதில் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் திருப்புடைமருதூர்க்காரர். எட்டு வருடம் கழித்து, தடாவின் வாரிசாக வந்த பொடா சட்டத்தில், ஒரு மேடைப் பேச்சுக்காக, 2002 ஜூலை 11 அன்று அவருடைய ஜூனியர் கைதானார். பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறை. வெறும் வாய்வார்த்தை ஆதரவு மட்டும் குற்றமாகாது, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இருக்க வேண்டும் என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது. சீனியரின் பேனாவும் ஜூனியரின் சிறையும் இப்படி ஒரே கட்டுக்குள் வந்து சேர்ந்ததைத் தாத்தா எந்த நாடாவால் கட்டியிருப்பார்?

தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வழக்கில் வைகோ தாமே மனுதாரர். தாமே வாதாடினார். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆலையைத் தொடர்ந்து நடத்தவிட்டது. நூறு கோடி ரூபாய் இழப்பீடும் கட்டச் சொன்னது. மனுதாரருக்குத் தோல்விதான். ஆனால் வக்காலத்தே இல்லாமல் ஒருவர் தூத்துக்குடிக் காற்றுக்காக எழுந்து நின்ற காட்சி, எனக்குப் பழைய வேப்பமரத்தடியைக் கொண்டுவந்தது. 2019இல், 75 வயதில், இருபத்து மூன்று வருடம் கழித்து அவர் மீண்டும் மாநிலங்களவைக்குள் போனார். அதற்கு முந்தின வருடம் இரத்தினவேல் பாண்டியன் காலமாகியிருந்தார்.

அந்த 1977 ஜூன் சாயங்காலத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். கோர்ட்டு கலைந்ததும் ஆச்சி எங்களோடு நடந்து வந்தாள். வாய்க்கால் படியில் இறங்கி, மணலை அள்ளிக் கையைத் தேய்த்தாள். பெருவிரல் ஊதா பாதி கரைந்து தண்ணீரோடு போயிற்று. ஆள்காட்டி விரல் கறுப்பு அசையவே இல்லை. இன்னொரு பிடி மணலை எடுத்தவள் என்ன நினைத்தாளோ, அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டாள்.

"கெடக்கட்டும்யா" என்று தாத்தாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மடைப் பக்கம் நடந்தாள். இருட்டுவதற்குள் தண்ணீர் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு.