முனியம்மாவும் முனியம்மாளும்

தர்மபுரிப் பக்கம் முனியம்மா, முனியம்மாள் என்ற பெயர்கள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். கூப்பிடும்போது நமக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் அவர்கள் வேறு வேறு ஆட்கள். 1990களில் நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில் இந்த ஓர் எழுத்து பெரிய வினையானது.

முதியோர் உதவித்தொகைப் பட்டியல் அப்போது டிபேஸ் 3 பிளஸ்ஸில் இருந்தது. ஒரு ஊரில் முனியம்மா என்ற பாட்டி இறந்ததாகத் தகவல் வந்தது. அந்த ஊரில் அந்தப் பெயரில் ஒருவர்தான் என்பதால், ஊரையும் பெயரையும் கொடுத்து ஆபரேட்டர் தம்பி 'டெலீட்' கட்டளை போட்டார். அடுத்த மாதம் அதே ஊர் முனியம்மாளுக்கு மணியார்டர் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "நான் செத்துட்டேனா சாமி?" என்று கேட்டார். அரிசிக்கும் மாத்திரைக்கும் அவருக்கு அந்தப் பணம்தான்.

காரணம் இதுதான். அந்த மென்பொருளில் சமக்குறி போட்டால், வலப்பக்கம் கொடுத்த எழுத்துகள் தீர்ந்ததும் ஒப்பிடுவதை நிறுத்திவிடும். ஆங்கில எழுத்தில் முனியம்மாளுக்குக் கடைசியில் ஒரு 'எல்' மட்டுமே கூடுதல். ஆகவே அவரும் முனியம்மாதான்! முழுப்பெயரும் பொருந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே 'செட் எக்ஸாக்ட் ஆன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது 'ஆஃப்'.

காப்பாற்றியதும் இன்னொரு முரண்தான். டெலீட் என்பது அங்கே அழிப்பதே இல்லை; அடையாளம் மட்டும் வைக்கும். 'பேக்' கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். யாரும் பேக் கொடுத்திருக்கவில்லை. 'ரீகால்' போட்டதும் பாட்டி உயிர்த்தெழுந்தார்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் 2019இல் 8.0.16 பதிப்பு வரும்வரை, 'வயது 60க்குக் குறையக்கூடாது' என்று 'செக்' விதி எழுதினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒருபோதும் சரிபார்க்காது. கையேட்டில் அது எழுதியிருந்தது. கட்டளை கொடுத்தவரிடம் திரை ஒன்றும் சொல்லவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் 'ஊ' ஒலியில் முடியும் பெயர்களுக்குப் பன்மையில் 'எஸ்' சேர்ப்பது விதி. பிழூ, கையூ, ஷூ, ழெனூ, இபூ, ழூழூ, பூ ஆகிய ஏழுக்கு மட்டும் 'எக்ஸ்'. விதியைச் சொன்ன அதே மூச்சில் ஏழு விலக்கையும் ஒப்பிக்க வைப்பார்கள். கையேடு எழுதுபவர்களுக்கு அந்த வழக்கம் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

உங்கள் தொகை திடீரென நின்றால், 'கம்ப்யூட்டரில் பெயர் இல்லை' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். யார் பெயரை நீக்கும்போது உங்கள் பெயர் போனது என்று கேளுங்கள்.