மாசிப் பனியும் ஒரு சிறிய கூரையும்

குளிர்ச்சி என்னும் சொல்லை நம் மொழி பெரும்பாலும் நற்பொருளிலேயே வழங்கிவந்திருக்கிறது. நல்ல செய்தி கேட்டால் நம் உள்ளம் குளிர்கிறது. பிள்ளைகளின் உயர்வைக் கண்குளிரக் காண்கிறோம். பசித்து வந்தவருக்குச் சோறிட்டால் அவர் வயிறு குளிர்ந்து வாழ்த்துகிறார். பொறாமையோ வயிற்றெரிச்சல், கோபமோ கொதிப்பு. வெய்யில் ஆளும் மண்ணில் பிறந்த மொழி வேறு எவ்வாறு பேசும்? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் சொன்ன பனி, விடியலில் புல்லின்மேல் முத்தாய்த் திரண்டு, பொழுது ஏறியதும் மறைந்துபோகும் பனியே ஆகும். ஒரு போர்வையோடு அது முடிந்துவிடும்.

1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்திற்குப் பின் எங்கள் மக்கள் கடல் கடந்தபோது, அவர்களுக்குக் கதவு திறந்த நாடுகளுட் பல கடுங்குளிர் நாடுகளாய் அமைந்தன. 1986 ஓகஸ்ட் மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கனேடிய மீனவர் மீட்டெடுத்த செய்தியை வாசகர் சிலர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். அவர்களை அடுத்து வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்த எங்களுக்கும் குளிர் என்னும் சொல் பொருள் மாறிப்போயிற்று. மூக்கின் ஈரம் உறைந்து ஊசியாய்க் குத்தும் என்பதையும், கையுறையின்றிப் பற்றிய இரும்புக் கதவு தோலைப் பற்றிக்கொள்ளும் என்பதையும் பேருந்துத் தரிப்பிடங்களிலே கற்றுக்கொண்டோம். அன்று தொடங்கிய ஓட்டம் நிற்கவில்லை. வீட்டிலிருந்து காருக்கும், காரிலிருந்து வேலைத்தலத்துக்கும், அங்கிருந்து மீண்டும் வீட்டுக்குமாக, ஒவ்வொரு மாரியையும் ஓடியே கழித்து வந்தோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் இல்லை. அவர்கள் பிறந்த நாளிலிருந்தே பனியைக் கண்டவர்கள். ஒரு காலத்தில் ரொறன்ரோவில் ஒரே அடுக்குமாடியில் வாழ்ந்த நான்கு குடும்பத்தார் நாங்கள். இன்று வெவ்வேறு புறநகர்களில் வாழ்ந்தாலும் பழைய உறவு விட்டுப்போகவில்லை. பனிக்காட்டில், கூடாரமும் இன்றி, பனியினாலேயே குடில் செய்து ஓர் இரவு தங்கவேண்டும் என்னும் எண்ணத்தைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் பிள்ளைகளே. எங்களுள் ஒருவரின் தாயார், எண்பதைக் கடந்தவர், இதைக் கேட்டதும் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“வீடு கணகணவெண்டு இருக்கேக்கை, பனிக்கை போய்ப் படுக்கப்போறியளோ? உங்களுக்கு என்ன விசரே?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனினும் 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பெரியவர் மூவரும் பிள்ளைகள் ஐவருமாக நாங்கள் புறப்பட்டோம். ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், ஹலிபேட்டன் மேட்டுநிலத்தில், நண்பர் ஒருவருக்குக் காட்டுக்காணி உண்டு. மாரிகாலக் கானக வாழ்வில் நெடுங்காலம் பழகிய ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக உடன்வந்தார். காணியின் எல்லையில் சூடேற்றிய வண்டிகள் இரண்டு, இரவில் வேண்டுமானால் போய் ஒதுங்குவதற்கு, ஆயத்தமாக நின்றன. குளிரோடு விளையாடலாகாது என்பதே அவர் எங்களுக்குச் சொன்ன முதற்பாடம்.

நாங்கள் அமைத்த குடிலுக்குக் குவின்சி என்று பெயர். கனடாவின் வடமேற்கில் வாழும் அதபாஸ்கன் மொழி பேசும் முதற்குடி மக்களிடமிருந்து வந்த சொல் அது. இனுவிற் மக்கள் இறுகிய பனியைக் கட்டிகளாக வெட்டி அடுக்கும் இக்ளூ வேறு, இது வேறு. காட்டில் விழும் பனி மென்மையானது. அதை வெட்டி அடுக்க இயலாது. ஆகவே மண்வாரியால் வாரி வாரி, ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக, அகன்ற குவியலாகக் குவிக்கிறார்கள். பின்னர் இரண்டு மூன்று மணிநேரம் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் அதிசயம் நிகழ்கிறது. கிளறிக் குவித்ததனால் ஒன்றோடொன்று நெருங்கிய பனிமணிகள், தொட்டுக்கொண்ட இடங்களிலெல்லாம் தாமே உறைந்து பிணைகின்றன. பசையும் இல்லை, சுண்ணமும் இல்லை. நெருக்கமும் பொறுமையுமே அங்கே சாந்து.

குவியல் இறுகிய பின்னர், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள குச்சிகளை அதன் மேற்புறமெங்கும் செருகினோம். பின்பு காற்று வீசாத பக்கத்தில் தாழ்வாக ஒரு வாயில் அமைத்து, உள்ளே தவழ்ந்து குடையத் தொடங்கினோம். குடையும்போது குச்சியின் நுனி எங்கே தென்படுகிறதோ அங்கே நிறுத்திவிடவேண்டும். சுவர் எங்கும் ஒரே தடிப்பாக அமைவதற்கான எளிய அளவுகோல் அது. உட்கூரையை வழுவழுப்பாகத் தேய்த்துவிட வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் கசியும் நீர் சொட்டாய் உறங்குவோர்மேல் விழும், வழுவழுப்பாயின் சுவர்வழியே வழிந்திறங்கும். படுக்கும் மேடை வாயிலைவிட உயர்ந்திருக்க வேண்டும். குளிர்காற்று கனமானது, அது தாழ்ந்த வாயில்வழியே இறங்கிப்போகும். இலேசான வெதுவெதுப்பு மேலே தங்கும். ஒரு குடிலுக்கு மூவராக, பொழுது சாய்வதற்குள் மூன்று குடில்களை முடித்தோம்.

இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த கண்டிப்பான கட்டளை ஒன்று உண்டு: வியர்க்கக் கூடாது. வியர்வையில் நனைந்த உடை இரவில் எமனாகும். நீர், அசையாக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் மெல்ல மெல்லத் தோண்டினோம். உடல் சூடேறும்போதெல்லாம் மேலாடையில் ஒன்றைக் கழற்றினோம். ஊரில் நாம் உயர்வாய் எண்ணிய பருத்தி, இங்கே பகையாளி. நனைந்தால் அது உடலோடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சும். கம்பளியோ நனைந்த நிலையிலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். படுக்கைக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் உள்ளாடை முதல் காலுறை வரை மாற்றி, உலர்ந்தவற்றையே அணிந்துகொண்டோம்.

அடுத்தது படுக்கை. போர்வை எவ்வளவு கனமானது என்பதையே நாங்கள் முதலில் எண்ணினோம். வழிகாட்டியோ கீழே என்ன விரிக்கிறோம் என்பதையே முதலிற் பார்த்தார். நாம் படுக்கும்போது கீழேயுள்ள போர்வை உடற்பாரத்தால் நசுங்கி, தன்னுள் இருந்த காற்றை இழந்துவிடுகிறது. பின்பு உடலின் சூடு தடையின்றித் தரைக்குள் இறங்கும். காணியில் வெட்டி வீழ்த்திய ஊசியிலை மரங்களின் கிளைகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக முழங்கால் உயரத்துக்குப் பரப்பினோம். நாங்கள் ஏறிப் படுத்ததும் அது ஒரு சாண் அளவாய்த் தாழ்ந்தது. அதன்மேல் பாய், அதன்மேல் உறக்கப்பை. ஊரில் ஓலைப்பாய் தரையின் தண்மையை எங்களுக்கு மறைத்தது. இங்கே அந்தப் பணியை வெட்டுண்ட மரத்தின் கிளைகள் ஏற்றன.

இனி, இக்கட்டுரையின் உயிரான செய்திக்கு வருவோம். குடிலின் உள்ளே நெருப்பு இல்லை. அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. மூடிய சிற்றிடத்தில் தீ மூட்டினால், நிறமும் மணமும் அற்ற காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு உறங்குவோரை ஓசையின்றிக் கொன்றுவிடும். கூரையில் கைமுட்டி அளவில் ஒரு துளை, நம் மூச்சு வெளியேறுவதற்கென, எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்ஙனமாயின் வெப்பம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளுள் இளையவன் இதைத்தான் கேட்டான்.

வெப்பம் எங்களிடமிருந்தே வருகிறது. ஓய்ந்திருக்கும் மனித உடல், பழைய 100 வாற்ஸ் மின்குமிழ் ஒன்று எரியும் அளவுக்குச் சூட்டை இடைவிடாது வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. மூவர் படுத்தால் மூன்று குமிழ்கள். வெட்டவெளியில் அந்தச் சூட்டைக் காற்று அள்ளிச் சென்றுவிடும். பனிச்சுவரோ அதைப் போகவிடாது தடுக்கிறது. புதிதாய் விழுந்த பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெறுங் காற்றே. குவித்து இறுகிய பின்னும் அதில் ஏராளமான காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்றே உலகின் எளிய கம்பளி. பறவை இறகைச் சிலிர்த்துக்கொள்வதும், கம்பளி நம்மைக் காப்பதும் இந்த ஒரே விதியினால்தான். அந்தக் காட்டில் வாழும் கௌதாரி இனப் பறவை ஒன்று, கடுங்குளிர் இரவுகளில் மென்பனிக்குள் பாய்ந்து, அதற்குள்ளேயே ஒடுங்கி உறங்குகிறது. காட்டெலிகள் பனியின் அடியில் தடம் அமைத்து மாரி முழுவதையும் கழிக்கின்றன. பனி அவற்றுக்குக் கூரை. மச்சைத் துளைக்கும் என்று முன்னோர் சொன்ன மாசிப்பனி, எங்களுக்கு மச்சாகவே அமைந்தது.

இரவு எட்டு மணிக்கு வெளியே கிடந்த வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 17 பாகை காட்டியது. வெண்ணெய் மிகுந்த உணவும், சீனி கூடிய தேநீரும் அருந்தினோம். உணவே உடலின் விறகு. கொழுப்பு மெல்ல நின்றெரியும். கொதிநீர் நிரப்பிய போத்தல்களைக் காலுறைக்குள் இட்டு, உறக்கப்பையின் கால்மாட்டில் வைத்தோம். மண்வாரி ஒன்றை ஒவ்வொரு குடிலின் உள்ளேயும் எடுத்துக்கொண்டோம். வாயில் மூடிப்போனால் உள்ளிருந்தே தோண்டி வெளியேற அது வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை பெரியவர் ஒருவர் எழுந்து, கூரைத்துளைகள் அடைபடாமல் உள்ளனவா எனப் பார்ப்பதென முறை வைத்தோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்ந்தது குளிரை அன்று, அமைதியை. பனிச்சுவர் ஒலியை முழுவதும் விழுங்கிவிடுகிறது. ஒருவர் மூச்சு மற்றவர்க்குக் கேட்டது. நகரத்தில் அவரவர் அறையில், அவரவர் கைபேசியோடு உறங்கிப் பழகிய பிள்ளைகள், தோளோடு தோள் உரசப் படுத்திருந்தார்கள்.

நள்ளிரவு கடந்த பின்னர் ஒரு குடிலில் பேச்சுக் கேட்டது. “மாமா, எனக்குக் குளிருது,” என்றாள் பதினான்கு வயதுப் பிள்ளை. அவள் உடல் நடுங்கியது. உடல் நடுங்குவது தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் முயற்சி. அதை அறிந்திருந்தும் எங்கள் நெஞ்சு பதைத்தது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நாக்குத் தடுமாறும், கைவிரல்கள் சொற்கேளா, அறிவு மயங்கும். சூடேறாத நிலையில் நடுக்கம் நின்றுபோவது எல்லாவற்றிலும் கொடிய அறிகுறி. அவளோடு பேச்சுக் கொடுத்தோம், தெளிவாய் விடையளித்தாள். சுடுகலத்திலிருந்த தேநீரை ஊட்டினோம். காலுறையை மாற்றி, அவளை ஓரத்திலிருந்து நடுவுக்கு எடுத்து, இரு புறமும் இருவர் நெருங்கிப் படுத்தோம். கால்மணி நேரத்துக்குள் நடுக்கம் தணிந்தது. வண்டிக்குப் போவோமா என்று கேட்டபோது அவள் தந்த விடை இது: “வேண்டாம் மாமா. நடுவிலை இருந்தால் குளிரேல்லை.”

அதிகாலை நான்கு மணிக்கு வெளியே சுழியத்துக்குக் கீழே 22 பாகை. அதே நேரம், மூவர் உறங்கிய அந்தக் குடிலின் உள்ளே சுழியத்துக்குக் கீழே 3 பாகை. இடையில் நின்ற 19 பாகையும் எந்த இயந்திரமும் தந்ததன்று. அது நாங்களே, எங்கள் உடற்சூடும், எங்கள் நெருக்கமும். குடில் தன் பங்குக்கு எந்தச் சூட்டையும் உண்டாக்கவில்லை. எங்களிடம் உள்ளதை இழக்கவிடாமல் காத்தது, அவ்வளவே.

அது சிறியதாய் இருந்ததனாலேயே காத்தது என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம். குடில் குடையும்போது, வசதியாய் எழுந்து நிற்கும் அளவுக்கு உயர்த்தலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். வழிகாட்டி உடன்படவில்லை. இடம் பெருகப் பெருக, அதே மூன்று உடல்களின் சூடு பரந்து இளைத்துவிடும் என்றார். இதைக் கேட்டபோது பெரியவர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வந்த புதிதில் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் வாழ்ந்தோம். இரவு வேலை முடிந்து வருபவர் எழுப்பிவிட்டு, எழுந்தவரின் சூடு ஆறாத பாயிலே படுத்துக்கொள்வார். ஊர்ச் செய்தி ஒருவருக்கு வந்தால் எல்லாரும் அழுதோம். பின்னர் உழைத்தோம்; பெரிய வீடுகள் வாங்கினோம். அவை தவறானவை அல்ல, பிள்ளைகளுக்காகவே வாங்கினோம். ஆனால் இன்று அந்த வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவின் பின்னும் ஒருவர். சுவர்களினூடே சூடான காற்று ஓயாது வருகிறது. ஆயினும் தமிழில் ஒரு சொல் பேச, மேல்மாடிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. நாம் சுமந்துவந்த மொழியும் உறவும் வெளியிலிருந்து யாரும் மூட்டித்தரும் நெருப்பல்ல. அவை நம் உடற்சூட்டைப் போன்றவை. நெருங்கி இருப்போரிடையே தங்கும். பரந்த வெளியில் ஓசையின்றிப் போய்விடும்.

விடிந்ததும் ஒரு வேலை எஞ்சியிருந்தது. குவின்சியை அப்படியே விட்டுச் செல்லலாகாது. பனி மூடிய பின் அவ்வழியே வரும் மனிதரோ விலங்கோ அதற்குள் விழக்கூடும். ஆகவே உள்ளே எவரும் இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, கூரையை இடித்துவிடுமாறு வழிகாட்டி பணித்தார். பிள்ளைகள் ஆரவாரத்தோடு ஏறி மிதித்தார்கள். அது அசையவில்லை. ஐவரும் ஒருங்கே குதித்தார்கள், அப்போதும் இடியவில்லை. முந்திய நாள் ஊதினால் பறக்கும் பொடியாய்க் கிடந்த பனி, ஓரிரவு உள்ளிருந்து சூட்டை வாங்கி வாங்கி, கல்லாய் இறுகியிருந்தது. கடைசியில் பெரியவர்களும் மண்வாரிகளோடு சேரவேண்டியதாயிற்று.