பாலாற்றங்கரைத் தோல் நாடு

காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி வேலூருக்குப் போகிறவர்கள் பாலாற்றுப் பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். 2025ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் காலை நானும் கடந்தேன். பாலம் நல்ல நீளம். ஆறும் அதற்கேற்ற அகலம். ஆற்றில் மணலும் கோரையும் சீமைக் கருவேலும் தாராளமாக இருந்தன. ஓரிடத்தில் பையன்கள் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஜலம் வந்து இடைஞ்சல் செய்யக்கூடும் என்ற பயம் அவர்கள் முகத்தில் சிறிதும் காணப்படவில்லை.

வேலூருக்கென்று சில அதிசயங்கள் உண்டு என்று அந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோவில் என்று அந்த ஜாபிதா போகும். இவற்றில் கோவிலின் குறை 1981ல் தீர்ந்தது. அந்த வருஷம் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் மறுபடியும் எழுந்தருளினார். ராஜா இல்லாததைப் பற்றி இப்போது யாருக்கும் வருத்தமில்லை. பாக்கியிருப்பது ஆறுதான்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் நடந்து கடலைச் சேருகிறது. வழியெல்லாம் ஏரிகளும் தடுப்பணைகளும் அதன் மடியைப் பிடித்து இழுக்கின்றன. 1892ஆம் வருஷத்திலேயே சென்னைக்கும் மைசூருக்கும் இந்த ஜலத்தைப் பற்றி ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் தகராறு எவ்வளவு பழையது என்று ஊகித்துக்கொள்ளலாம். எப்போதாவது ஆற்றுக்குக் கோபம் வருவதும் உண்டு. 1903ல் வாணியம்பாடி நகரையே புரட்டிப் போட்டது. 2021 நவம்பரிலும் இரு கரையும் நிரம்ப ஓடி ஜனங்களைத் திகைக்க வைத்தது. மற்ற நாட்களில் பாலாறு மணலுக்கு அடியில்தான் ஓடும். அந்தக் காலத்துக் குடியானவர்கள் மணலில் ஊற்றுக் கால்வாய் வெட்டி அந்த ஜலத்தை வயலுக்குக் கொண்டுபோனார்கள். தோல் பதனிடுகிறவர்கள் இந்தக் கரையைத் தேடி வந்ததும் அந்த நல்ல ஊற்று ஜலத்துக்காகத்தான். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலூரிலிருந்து பங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, மாதனூர் என்று பஸ் போகிறது. ஒரு பக்கத்தில் மலைகள் கூடவே வருகின்றன. ஆம்பூர் நெருங்குவதை மூக்கு முதலில் தெரிந்துகொள்கிறது. இந்த ஊரில் இரண்டு வாசனைகள் உண்டு. ஒன்று சீரகச் சம்பாவில் செய்யும் பிரியாணியின் வாசனை. அதன் கீர்த்தி தேசமெங்கும் பரவியிருப்பதால் நான் விவரிக்கத் தேவையில்லை. மற்றொன்று பச்சைத் தோலின் வாசனை. வெளியூர்க்காரனுக்கு இரண்டாவதுதான் முதலில் தெரியும். ஊர்க்காரர்களுக்கோ அது தெரிவதே இல்லை. 1749ல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் இந்த ஊர்ச் சண்டையில்தான் உயிர் துறந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது டீக்கடைக்காரர் என்னை அனுதாபத்துடன் பார்த்தார். ஷூவைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

என் நல்ல காலம், தோல் ஷாப்பில் ஐம்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் அங்கே கிடைத்தார். இங்கே தோல் பதனிடும் இடத்துக்குத் தோல் ஷாப்பு என்றே பெயர். பெரியவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் ஊறல் குழியில் இறங்கி நின்றவர்கள்.

"எங்க தாத்தா காலத்திலே ஆவாரம்பட்டைதாங்க எல்லாம். கொன்றைப்பட்டையும் உண்டு. தோலைச் சுண்ணாம்பிலே ஊறப்போட்டு, முடியை வழிச்சு, சதையைச் செதுக்கி, பட்டைத் தண்ணியிலே நாள் கணக்கா மாத்தி மாத்திப் போடணும். ஒரு தோல் முடிய மாசத்துக்கு மேலே ஆகும். இப்போ டிரம்மிலே போட்டா ஒரே நாள்!" என்றார்.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதற்காகக் கடைசியில் கடுக்காய் நீரில் தோய்த்தெடுப்பார்கள். பிறகு புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக் காயவைப்பார்கள். இப்படிப் பாதி பதனிட்ட தோல் "ஈஸ்ட் இந்தியா" என்ற பெயரில் கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. ஆடும் மாடும் நம்முடையவை. பட்டையும் எண்ணெயும் நம் காட்டில் விளைந்தவை. முதுகொடிந்தவர்கள் நம் ஜனங்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ஆனால் மெருகும் லாபமும் சீமையில் ஏறின. நம் தோலே சப்பாத்தாகி நம்மிடம் விலைக்குத் திரும்பி வந்தது.

இந்த அவமானத்தைப் போக்க வேண்டுமென்று பலர் பாடுபட்டார்கள். 1903ஆம் வருஷத்தை ஒட்டி ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். பல்லாவரத்தில் குரோம் தோல் கம்பெனி வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது அதுதான். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948ல், அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. 1972ல் சீதாராமையா கமிட்டி கூறிய யோசனையின் பேரில், பாதி பதனிட்ட தோல் வெளிநாடு போவதைச் சர்க்கார் கட்டுப்படுத்திற்று. இனித் தோலாகப் போகக் கூடாது, ஷூவாகப் போகட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், பலித்தும்விட்டது. இன்றைக்கு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் நடக்கிறவர்களில் பலர் ஆம்பூரின் மேல் நடக்கிறார்கள்.

தோல் பணம் இந்தப் பிரதேசத்தில் செய்திருக்கும் நன்மைகளையும் சொல்லத்தான் வேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ல் ஏற்பட்டது. மேல்விஷாரத்துத் தோல் வர்த்தகர் அப்துல் ஹக்கீம் சாகிபு கட்டிய சித்திக் சராய் சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் பிரயாணிகளுக்கு நிழல் கொடுத்தது. காலை எட்டு மணிக்கு ஆம்பூர்ச் சாலையில் நின்றால், சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ தொழிற்சாலைகளுக்கு வரும் பெண்களைப் பார்க்கலாம். பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கையில் சாப்பாட்டுப் பை, தலையில் கனகாம்பரம். அவர்களுடைய பாட்டிகள் அதே வயதில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவரின் சிபாரிசில் ஒரு தோல் ஷாப்பைப் பார்த்தேன். வீட்டை விடப் பெரிய மரப் பீப்பாய்கள் கடகடவென்று சுழல்கின்றன. உள்ளே குரோம் உப்பில் புரண்ட தோல் வான நீல நிறத்தில் வெளியே வந்து விழுகிறது. அழகான நிறம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் என் கண் வேறொன்றின் மேல் போயிற்று. ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு குவியல்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"உப்புங்க. சாதாரண உப்பு. தோலை உதறினா விழறது" என்றார் பெரியவர்.

அறுத்த தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பைத் தேய்த்து அனுப்புகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவித்தான் மற்ற வேலை. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் ஜலம் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கண்டிருக்கிறது. ஜலம் ஆற்றுக்கு அடியிலிருந்து வருகிறது. உப்போடு ஆற்றுக்கே திரும்பிப் போகிறது. பல வருஷ காலம் சுத்தம் செய்யாமலேதான் போயிற்று.

குரோமியத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படிக்கிறோம். அது பொல்லாததுதான், ஆனால் காரம் சேர்த்தால் கசடாகப் படியும், பிடித்துவிடலாம். சுண்ணாம்பும் அடியில் தங்கும். உப்பு ஒன்றுதான் ஜலத்தோடு ஜலமாய்க் கரைந்து, வடிகட்டிக்கெல்லாம் தப்பித்து, கிணற்றிலும் வயலிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. உப்பு ஏறிய மண் இறுகிப் பாறையாகிறது. பயிரின் வேர் நீரை இழுக்க முடியாமல் ஜலத்தின் நடுவிலேயே தாகத்தால் சாகிறது. 1930ல் ராஜாஜியின் பின்னால் வேதாரண்யத்துக்கு நடந்துபோனவர்கள் ஒரு பிடி உப்புக்காகத் தடியடி பட்டார்கள். உப்பு இல்லாமல் ஏழை வாழ முடியாது என்பது அன்று வழக்கு. உப்பினால் ஏழை வாழ முடியாமற் போன வழக்கை மறுநாள் காலையில் பார்த்தேன்.

ஆம்பூருக்குச் சில மைல் தள்ளிப் பாலாற்றை அடுத்த ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நிலம் உள்ள ஒரு குடியானவர், வயது அறுபதுக்கு மேல், தம் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். ஒரு செம்பில் மொண்டு நீட்டினார்.

"வாயிலே வச்சுப் பாருங்க ஐயா. முழுங்க வேணாம்."

வைத்துப் பார்த்தேன். கடற்கரையில் வளர்ந்தவனுக்குப் பழக்கமான ருசி. கடலுக்கு இவ்வளவு தூரத்தில் அதை எதிர்பார்க்கவில்லை. இந்தக் கிணற்றில்தான் அவருடைய தகப்பனார் நெல்லும் கரும்பும் பயிரிட்டாராம். இப்போது பத்துப் பன்னிரண்டு தென்னை மரங்கள் நிற்கின்றன. "தென்னைதாங்க உப்பைத் தாங்குது" என்றார். குடிப்பதற்குக் கடையில் விற்கும் கேன் தண்ணீர். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு ஜலத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

"தோல் ஷாப்பையெல்லாம் மூடிவிட்டால் தேவலையா?" என்று கேட்டேன். இதைவிடச் சாமர்த்தியமான கேள்வி ஒன்று கேட்டிருக்கலாம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "மருமக ஷூ கம்பெனிக்குத்தாங்க போகுது. அது கொண்டாற பணத்திலேதான் அடுப்பு எரியுது" என்றார் கடைசியில்.

வழக்கின் வரலாறு இது. 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலானோர் தீர்ப்பளித்தார்கள். இந்த வட்டாரங்களில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டதென்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்நியச் செலாவணி முக்கியந்தான், அதற்காக ஊரை அழிக்க உரிமை கிடையாது; கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற நியாயம் நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது இந்தத் தீர்ப்பினால்தான். உலகத்துச் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் படிக்கிறார்களாம். அதன்படி நியமிக்கப்பட்ட அதிகார சபை 2001ல், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தோல் ஷாப்புகள் 29,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று கணக்கிட்டது. தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணற்றின் விலையா, ஒரு தலைமுறையின் விலையா என்று எனக்கு விளங்கவில்லை.

கோர்ட்டு உத்தரவுக்குப் பின் நிலைமை மாறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முதலிய இடங்களில் ஷாப்புகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருக்கின்றன. நுண்ணிய சவ்வுகளின் வழியாக ஜலத்தைப் பிழிந்தெடுத்து மறுபடியும் உபயோகிக்கிறார்கள். அப்பொழுதும் அந்த உப்புச் சனியன் விடுவதில்லை. காய்ச்சி எடுத்த கலப்பு உப்பை வாங்குவார் இல்லாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையை முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அங்கே தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய குரோம் ரசாயனம் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு வெட்டவெளியில் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஜலம் ஓடும். அதே ஊரில் 2015 ஜனவரி 31ஆம் தேதி விடிவதற்கு முன் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் படுத்திருந்த 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய தொட்டி அது.

குடியானவர் என்னுடன் நெடுஞ்சாலை வரை வந்தார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். தகப்பனார் பெயரில் உள்ள காகிதம். தகப்பனார் காலமாகிப் பல வருஷமாயிற்று, பணம் வரவில்லை. பழைய காகிதம் வேலூர் ஜில்லாவுக்கு உரியது. 2019ல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூரோடு சேர்ந்துவிட்டது. எந்தக் கலெக்டர் ஆபீசுக்குப் போவது என்பது அவருக்கு ஒரு பிரச்னை. நான் வருவதற்குச் சில நாட்கள் முன்னால்தான், ஜனவரி 30ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. பாக்கியிருக்கும் நஷ்ட ஈட்டைச் சர்க்கார் ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. கிராமத்துக்கும் அந்தச் சேதி எட்டியிருந்தது.

வேலூர் பஸ் வந்தது. நான் ஏறும் சமயத்தில் அவர் கேட்டார்:

"ஆறு வாரம்னு போட்டிருக்காங்களாமே. எந்தத் தேதியிலேருந்துங்க எண்ணணும்?"

தேதியைச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பஸ் நகர்ந்துவிட்டது.